எட்டாம் அணிக்குப் பதினைந்து நிமிடம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. என்னிடம் வேலையாக வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் வரும் பழியில் பாதி குறையும் என்று ஒரு நப்பாசை.

போன அக்டோபரில் ஸ்ரீகண்டன் என்பவர் கைபேசியில் அழைத்தார். அறுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர். பெங்களூரின் தண்டு வட்டாரத்துக் கல்லூரிகள் எட்டு சேர்ந்து ஆண்டுதோறும் நடத்தும் கூடைப்பந்துப் போட்டிக்குச் செயலாளர். இது ஐம்பதாவது போட்டி, மலர் வெளியிடுகிறார்கள்.

"கன்னடத்துல நாலு பக்கம், இங்கிலீஷ்ல நாலு பக்கம் ரெடி. தமிழ்ல நாலு பக்கம் வேணும். போட்டியோட வரலாறு, எப்படி ஆடறது, என்ன ஃபார்மட். அவ்ளோதான். கதை கிதையெல்லாம் வேணாம்," என்றார்.

ஒருவர் கதை வேண்டாம் என்று தானாகச் சொன்னால், அங்கே ஒன்று இருக்கிறது என்று பொருள். எனக்கு அப்போது அந்தச் சூட்சுமம் பிடிபடவில்லை. நான் பகலில் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு உதவிக் குறிப்புகள் எழுதிக் கொடுக்கிறவன். ஊர் திருப்பத்தூர், இங்கே ஈஜிபுராவில் ஒற்றை அறை. கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர் என்பதையே தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

2

மலருக்காக நான் எழுதிய முதல் பத்தி இது. நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"தண்டுக் கோப்பை 1974இல் நான்கு கல்லூரிகளோடு ஒரு மண் தளத்தில் தொடங்கிற்று. 1979இல் எட்டுக் கல்லூரிகள் ஆயின. ஜூலை முதல் நவம்பர் வரை ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடும் ஒருமுறை மோதும். அதில் கிடைக்கும் வரிசைப்படி டிசம்பரில் மூன்று நாள் கோப்பைப் போட்டி. முதலிடத்தோடு எட்டாமிடம், இரண்டோடு ஏழு, மூன்றோடு ஆறு, நான்கோடு ஐந்து. தோற்றவர் வீட்டுக்குப் போகலாம். வென்றவர் அரை இறுதி, பிறகு இறுதி. கொரோனா ஆண்டுகள் இரண்டைத் தவிர, போட்டி ஒருபோதும் நின்றதில்லை."

(தண்டு என்பது படை தங்கிய இடம், அதாவது கன்டோன்மென்ட். பிரேசர் டவுன் பக்கத்துப் பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். தண்டச்செலவு என்பதில் வரும் தண்டம் வேறு. கல்லூரி முதல்வர்களுக்கு அந்த வேறுபாடு புலப்படுவதில்லை என்பது ஸ்ரீகண்டனின் வருத்தம்.)

அடுத்து ஆண்டுவாரியாக முடிவுகளைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். 1991, முதல் கால் இறுதி: 20–0. 1992: 20–0. 1993: 20–0. 1994, 95, 96… கண்ணை ஓட்டிக்கொண்டே போனேன். 2024 வரை முப்பத்திரண்டு போட்டிகள். முதல் கால் இறுதியின் முடிவு முப்பத்திரண்டு தடவையும் அதேதான்.

ஸ்ரீகண்டனை அழைத்தேன்.

"அது வாக்ஓவருப்பா. எட்டாவது காலேஜ் பொன்னையா ஈவினிங் காலேஜு. தொண்ணூத்தொண்ணுக்கு அப்றம் டீமே வரல, தொண்ணூத்திநாலுல காலேஜையே மூடிட்டாங்க."

"மூடின காலேஜ் எப்படி சார் இன்னும் ஆடுது?"

"எங்க ஆடுது? ஆடலன்னுதானே இருபது–பூஜ்யம்."

விளக்கம் கேட்டதும் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார். போட்டியின் விதிப்புத்தகத்தில் எட்டு அணிகள் என்று இருக்கிறது. அதை மாற்ற எட்டுக் கல்லூரிகளும் கையெழுத்துப் போட வேண்டும். எட்டாவது கல்லூரி இல்லை, எனவே கையெழுத்தும் இல்லை, எனவே மாற்றமும் இல்லை. இல்லாத அணியின் இடம் அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு டிசம்பரும் முதலிடம் பிடித்த அணி சீருடையோடு வந்து தளத்தில் நிற்கும். எதிர்ப்பக்கம் ஐந்து நாற்காலி காலியாகக் கிடக்கும். வராத அணிக்குப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது கூடைப்பந்தின் பொது விதி. நேரம் முடிந்ததும் மேசையில் கடிகாரம் வைத்திருப்பவர் "ஆயிற்று" என்பார். நடுவர் தாளில் இருபது–பூஜ்யம் எழுதிக் கையெழுத்திடுவார்.

"அடுத்த வருஷத்துலேந்து அந்தத் தொல்லை இல்ல. வக்கீல வெச்சி புது அமைப்பா பதிவு பண்ணியாச்சு. ஏழு டீம்தான். இந்த டிசம்பர் கடைசி."

அப்போது நான் இன்னொன்றையும் கவனித்திருந்தேன். அந்த இலவச வெற்றியைப் பெற்ற அணி, முப்பத்திரண்டு தடவையில் ஒருமுறைகூடக் கோப்பையை வென்றதில்லை. அந்தந்த ஆண்டின் மிகச் சிறந்த அணி அதுதான். அப்படியிருந்தும் வென்றதில்லை.

"இத மலர்ல போடலாமா சார்?"

"வேணாம்."

"ஏன் சார்?"

"பசங்க படிப்பாங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

3

கோமளம் அன்று காலையிலேயே தன் —

வேண்டாம். இப்படித் தொடங்கினால் அவரை நான் நன்றாக அறிந்தவன் போல ஒரு பாவனை வந்துவிடுகிறது. கோமளம் என்பது நான் வைத்த பெயர். பெயரை மாற்றினால் பேசுகிறேன் என்றார், மாற்றினேன். மற்றதையெல்லாம் அவர் சொன்னபடியே வைத்திருக்கிறேன்.

கோமளத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. போட்டி நடக்கும் கல்லூரியில் கணிதப் பேராசிரியை. பாட்டன் காலத்திலேயே மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சுகூடத் தடங்கல் இராது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணக்கு வகுப்பில் சுண்ணக்கட்டி உடைந்தால்கூடச் சமமாக உடைய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் என மாணவர்கள் கிண்டல் செய்வார்கள். முப்பத்திரண்டு காத்திருப்பிலும் மேசையில் கடிகாரம் வைத்திருந்தவர் அவர்தான். சம்பளம் இல்லாத அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு வருடம் டெங்கு காய்ச்சலோடு போர்வை போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாராம்.

நவம்பரில் ஆசிரியர் அறையில் வைத்து என்னிடம் பேசினார். பதினைந்து நிமிடமும் தளத்தில் என்ன நடக்கும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் நடக்காது. அஞ்சு பசங்க சும்னே நின்னுண்டு இருப்பா," என்றார், சும்மாவை மட்டும் கன்னடத்தில் சொல்லி. பிறகு, "ஆனா ஆயிற்றுன்னு நான் சொன்னதும் அவா வெளிய வரச்சே பாக்கணும்," என்றார்.

1998இல் ஒரு குழு தளத்தைவிட்டு வந்து ஒரு கேன் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தது. வெயிலே இல்லாத நாள். 2007இல் அணித்தலைவனின் முன்கையில் நான்கு நகக்கீறல்கள். பந்தைப் பறிக்கும்போது எதிராளியின் விரல் பட்டால் விழுமே, அந்த மாதிரி. அவனுக்கே எப்படி என்று தெரியவில்லை. 2016இல் ஒரு பையன் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த ஒம்பதாம் நம்பர் ரொம்ப வேகம் மேடம்," என்றான். எந்த ஒன்பதாம் நம்பர் என்று கேட்டதற்கு, விழித்தான். தான் பேசியதே அவனுக்கு நினைவில்லை.

கோமளத்துக்கு நினைவிருந்தது. ஒன்பதாம் நம்பர் யார் என்பது அவருக்குத் தெரியும்.

4

1991 டிசம்பர். காவிரித் தீர்ப்பை ஒட்டி ஊரில் கலவரம் வெடித்து, தமிழர்கள் குடியிருந்த தெருக்களில் அடிதடியும் தீவைப்பும் நடந்த வாரம். அந்தக் கதையை முழுக்கச் சொல்ல நான் ஆள் இல்லை. நான் அப்போது பிறக்கவில்லை, இந்த ஊரும் இல்லை. கோமளத்தின் ஒரு பிற்பகலை மட்டும் சொல்கிறேன்.

அவருக்குப் பத்தொன்பது வயது. பெண்கள் அணியில் மாற்று ஆட்டக்காரி. மேசைக்கு ஆள் குறைகிறது என்று கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். முதல் கால் இறுதி நான்கு மணிக்கு. முதலிடத்து அணி வந்துவிட்டது. எட்டாமிடத்துப் பொன்னையா மாலைக் கல்லூரி வரவில்லை. அந்த அணியில் எட்டுப் பையன்கள், பெரும்பாலும் ஆஸ்டின் டவுன், பகலில் ஏதாவது கடையிலோ ஒர்க்ஷாப்பிலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்கிறவர்கள்.

நான்கு மணிக்கு நடுவர் கடிகாரத்தை ஓட்டச் சொன்னார். அந்த நடுவர் அப்போது இளைஞராக இருந்த ஸ்ரீகண்டன்.

பத்து நிமிடம் ஆனபோது கோமளத்தின் அப்பா வாசலில் ஸ்கூட்டரோடு வந்து நின்றார். விதான சௌதா தலைமைச் செயலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அலுவலகத்தில் செய்தி கேட்டு நேரே வந்திருந்தார். அவர் கூப்பிடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கலவரமில்லாத நாளில் அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, துடைத்து, வண்டியில் மாட்டிவிட்டுத்தான் ஒரு வார்த்தை பேசுவார். இன்று முகமே தெரியவில்லை; எப்படியாவது உடனே கிளம்ப வேண்டும் என்றிருந்தது கோமளத்துக்கு.

ஸ்ரீகண்டன் மேசைப் பக்கம் திரும்பினார். "ஆயிற்றா?"

கோமளம் கடிகாரத்தைப் பார்த்தாள். முள் பதினான்கு நிமிடம் பத்து வினாடியில் இருந்தது.

"ஆயிற்று," என்றாள்.

ஐம்பது வினாடி. ஒரு குழாயில் குடம் பாதிகூட நிரம்பாது. ஸ்ரீகண்டன் தாளில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடும்போது வாசலில் ஒரு மெட்டடார் வேன் வந்து நின்றது. எட்டுப் பேரும் சீருடையிலேயே குதித்து ஓடி வந்தார்கள். அணித்தலைவன் டேரில் மூச்சு வாங்க, "சார், ரோட்டுல டயர் எரியுது, சுத்திக்கினு வந்தோம் சார்," என்றான். ஸ்ரீகண்டன் தாளைக் காட்டினார். மேசை சொல்லியாயிற்று, எழுதியாயிற்று. விதி விதிதான். ஒன்பதாம் எண் அணிந்த குள்ளமான ஒருவன் மட்டும் ஒன்றும் பேசாமல் மேசைக்கு வந்து கோமளத்தின் கையிலிருந்த கடிகாரத்தை எட்டிப் பார்த்தான். அவள் அதற்குள் அதை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். அவன் பெயர் பாலகுமார்.

அன்று ஐந்து மணிக்கு ஊரில் நிலைமை முற்றியது. கல்லூரி வளாகத்துக்குள் இருந்த அணிகளையெல்லாம் வெளியே விடவில்லை. விடுதியிலேயே மூன்று நாள் வைத்திருந்து, போலீஸ் துணையோடு வீடு சேர்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆட்டம் நடந்திருந்தால் பொன்னையா பையன்களும் அங்கேதான் இருந்திருப்பார்கள். ஆட்டம் இல்லை என்பதால் நாலேகாலுக்கே திரும்பிப் போனார்கள். வழியில் கலவரக் கும்பல் ஒன்று வேனை மறித்தது. எட்டுப் பேரும் இறங்கி எட்டுத் திசையில் ஓடினார்கள்.

ஏழு பேர் வீடு சேர்ந்தார்கள்.

பாலகுமார் கிடைக்கவில்லை. மருத்துவமனையில் இல்லை, பிணவறையில் இல்லை, எந்தப் பட்டியலிலும் இல்லை. ஓடினான், அவ்வளவுதான் தெரியும்.

(இங்கே ஒரு சந்தேகம். பதினான்கு நிமிடம் பத்து வினாடி என்று முப்பத்து நான்கு வருடம் கழித்து ஒருவருக்கு அவ்வளவு துல்லியமாக நினைவிருக்குமா? குற்ற உணர்வு கணக்கைத் தானாகக் கூட்டி வைத்துக்கொள்ளாதா? கோமளத்திடமே கேட்டேன். "நான் கணக்கு வாத்தியார்," என்றார். ஸ்ரீகண்டனிடம், அன்று உங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "டேபிள் சொன்னா சொன்னதுதான்," என்றார்.)

5

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். இதில் நான் வருகிறேன் என்பதுதான் காரணம்.

கோமளம் சொல்லி முடித்தபோது ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. அந்த ஐம்பது வினாடியை அவர் அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. இறந்துபோன அப்பாவிடமும் இல்லை. ஒரு நல்ல மனிதன் அப்போது எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருப்பான். நான் எழுதுகிறவன். கதையில் அடுத்தது என்ன என்று புத்தி அலைந்தது. வாய் கேட்டுவிட்டது:

"மேடம், இந்த வருஷம் ஆயிற்றுன்னு சொல்லாம விட்டா என்ன ஆகும்?"

அவர் என்னைப் பார்த்தார். கரும்பலகையில் தப்பான படியைக் கண்டுபிடித்த மாணவனை ஆசிரியர் பார்ப்பது போல.

"தெரியல," என்றார். "யாரும் கேட்டதில்ல."

6

டிசம்பர், சனிக்கிழமை, மாலை நான்கு மணி. தளத்துக்கு இப்போது கூரை போட்டிருக்கிறார்கள், தரையில் நீல வண்ணச் செயற்கை விரிப்பு. பார்வையாளர் முப்பது பேர் இருப்பார்கள், பாதிப் பேர் அடுத்த ஆட்டத்துக்கு வந்தவர்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

முதலிடத்து அணி நடுவட்டத்தில் வந்து நின்றது. அணித்தலைவன் சுஹாஸ் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டிருந்தான். நடுவர் வெங்கி, நாற்பது வயதுக்காரர், பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேசைக்குக் கையசைத்தார். மேசையில் கோமளம், பக்கத்தில் புள்ளி எழுத ஸ்னேஹா என்ற இரண்டாமாண்டு மாணவி. கோமளம் கடிகாரத்தை ஓட்டினார். இப்போதெல்லாம் முள் கிடையாது, எண்கள் ஓடுகிற கடிகாரம்.

பத்து நிமிடம். பன்னிரண்டு. பதினான்கு நிமிடம் பத்து வினாடி ஆனபோது கோமளம் கடிகாரத்தைக் கவிழ்க்காமல் பார்த்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னார். பதினைந்து வந்தது. போயிற்று.

பதினாறில் வெங்கி பக்கத்தில் வந்தார். "மேடம், ஆயிற்றா?"

"இல்ல."

"என் வாட்ச்ல பதினாறு காட்டுது மேடம்."

"டேபிள்ல இன்னும் ஆகல வெங்கி."

அவர் குழப்பத்தோடு தலையாட்டிவிட்டு நடுவட்டத்துக்குத் திரும்பினார். மேசை சொல்லாமல் எழுத அவருக்கு வழியில்லை. வெளியே பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு சத்தம் எதுவும் இல்லை.

பதினேழாவது நிமிடத்தில் சுஹாஸ் அரை அடி பின்வாங்கினான். கூட்டத்தில் யாராவது தோளில் இடித்தால் நாம் விலகிக் கொடுப்போமே, அப்படி. பிறகு அவன் முட்டியை மடித்துக் கைகளை விரித்தான். மற்ற நால்வரும் அவரவர் இடத்துக்குப் போய் அதே மாதிரி நின்றார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை. தங்களுக்கு முன்னால் ஓர் ஆள் இருப்பதுபோல, அந்த ஆள் இடப்பக்கம் போனால் இடப்பக்கமும் வலப்பக்கம் போனால் வலப்பக்கமும் கால் மாற்றி நகர ஆரம்பித்தார்கள். வெங்கியின் கக்கத்தில் பந்து அப்படியே இருந்தது.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், "பயிற்சி பண்றாங்க போல," என்றார்.

செயற்கை விரிப்பில் காலணி திரும்பினால் கிறீச்சென்று ஒலிக்கும். அந்த ஒலி கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. ஸ்னேஹா எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள்.

"மேடம்," என்றாள் மெதுவாக. "இது அஞ்சு பேரோட சத்தம் இல்ல மேடம்."

கோமளம் கண்ணீர் விடுவார், எழுந்து கத்துவார், ஒரு பெயரைச் சொல்வார் என்றெல்லாம் நான் எதிர்பார்த்தேன். அவர் எழுந்து, ஓடுகிற கடிகாரத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வாசல் வழியாக நடந்து வெளியே போனார். அவ்வளவுதான் செய்தார்.

அவர் போனபின்னும் ஆறேழு நிமிடம் அந்த ஐந்து பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீகண்டன் வந்து சுஹாஸின் தோளைப் பிடித்து உலுக்கியதும் நின்றார்கள். ஐவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். சுஹாஸ் முதலில் கேட்டது, "ஸ்கோர் எவ்ளோ சார்?"

தாளில் நடுவர் கையெழுத்து விழவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினார்கள்.

7

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கோமளம் ஆஸ்டின் டவுனுக்குப் போனார். பாலகுமாரின் அக்கா மங்களம் அங்கேதான் இருக்கிறார் என்பது அவருக்குப் பல வருடமாகத் தெரியும். அந்தத் தெருமுனை வரை ஏழெட்டுத் தடவை போய்த் திரும்பியிருக்கிறார். இந்த முறை உள்ளே போனார். நான் கூடப் போகவில்லை. அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

வீட்டு முன்னறையே தையல் கடை. மங்களத்துக்கு ஐம்பத்தேழு வயது. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. அளவு குடுக்கவா?"

"இல்லக்கா. நான் காலேஜ்லேந்து வரேன். பாஸ்கட்பால்…"

மங்களம் கத்தரியைக் கீழே வைத்தார். கோமளத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் வாட்ச் வெச்சினு இருந்தவங்க."

கோமளத்திடம் முப்பத்து நான்கு வருடமாக ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வரவில்லை. "அக்கா, அன்னிக்கி நான் ஒரு தப்பு…"

"அம்பது செகண்டு," என்றார் மங்களம். "தெரியும். உக்காருங்க."

என்னைத் தவிர உலகத்தில் யாரிடமும் சொல்லாத எண் அது. "யார் சொன்னா?" என்று கோமளம் கேட்டார். கேட்டது தன் குரல்போலவே இல்லை என்றார்.

"பாலுதான் சொன்னான். அவன்தான் வருஷா வருஷம் வருவானே." மங்களம் ஊர் நடப்பைச் சொல்வதுபோலச் சொன்னார். "மேட்ச் அன்னிக்கி வெளக்கு வெக்கிற நேரத்துக்கு வருவான். வாசல்ல ஷூவக் கழட்டுற சத்தம் கேக்கும். நான் திரும்பிப் பாக்க மாட்டேன். பாத்தா இருக்க மாட்டானோன்னு பயம். சொம்புல தண்ணி வெச்சிருப்பேன், குடிப்பான். தோத்துட்டோம்க்கான்னு சொல்வான். எவ்ளோடான்னு கேப்பேன். இருபது–பூஜ்யம்பான். அவ்ளோதான் பேச்சு. அப்றம் பாத்தா சொம்பு காலியா இருக்கும்."

உள்ளறையில் எங்கோ குக்கர் விசில் அடித்தது. மங்களம் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"கொரோனா வந்த ரெண்டு வருஷமும் வரல. வெளயாட்டே இல்லன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க, சரின்னு இருந்துட்டேன். ஆனா நேத்து மேட்ச் உண்டுன்னுதானே சொன்னாங்க? நேத்தும் வரலியேம்மா. தண்ணி வெச்சது வெச்ச மேனிக்கு இருக்கு." கண்ணாடியைக் கழற்றிக் கோமளத்தை நேராகப் பார்த்தார். "நீங்க தப்பு பண்ணதெல்லாம் விடுங்க. சின்னப் பொண்ணு, பயந்துட்டீங்க. அவனே அத ஒரு வாட்டி சொன்னதோட சரி. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மேட்ச் முடிஞ்சுதா, இல்லியா?"

கோமளத்தின் கைப்பைக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"முடியலக்கா," என்றார். "நான் நிறுத்தல. அவா இன்னும் ஆடிண்டு இருக்கா."

மங்களம் வெட்டிய துணியை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். பிறகு, ஓர் அக்காள் மட்டுமே கேட்கக்கூடிய விதத்தில் கேட்டார்:

"ஜெயிக்கிறானா?"

"தெரியலக்கா."

"ஆடணும்னுதான் போனான். அன்னிக்கிச் சாப்பிடக்கூட இல்ல." அவர் குரல் லேசாக இறங்கியது. "ஆனா வீட்டுக்கு வரணும் இல்லியா, எவ்ளோ நல்லா ஆடினாலும்?"

8

முடிவுகள்.

முதலாவது: கோமளம் திரும்பிப் போய், "ஆயிற்று" என்கிறார். வெங்கி 20–0 என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். அன்று மாலை ஆஸ்டின் டவுனில் ஒரு வீட்டு வாசலில் —

எழுத முடியவில்லை. அவனை மறுபடி தோற்கடித்துத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றால் அந்த வரியை எழுதுகிற கை யாருடையது?

இரண்டாவது: கடிகாரம் ஓடட்டும். அவன் ஆடட்டும். மங்களம் ஒவ்வொரு மாலையும் —

இதையும் எழுத முடியவில்லை. அடுத்த ஆண்டு முதல் எட்டாம் இடமே இல்லை. முடிக்காமல் விட்டால், முடித்து வைக்க இன்னொரு டிசம்பர் வராது.

மூன்றாவது, எல்லாம் கற்பனை, கோமளம் என்று யாரும் இல்லை என்பது. என் கூச்சத்துக்கு அதுதான் வசதி. ஆனால் வாசகருக்குச் செய்கிற துரோகம்.

நடந்தது இதுதான். ஞாயிறு அரை இறுதியில் சுஹாஸின் அணி வென்றது. திங்கள் இறுதியிலும் வென்றது. முப்பத்திரண்டு முறை நடக்காதது நடந்தது. பையன்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பிரேசர் டவுன் கடைத்தெருவில் ஊர்வலம் போனார்கள். செவ்வாய்க்கிழமை ஸ்ரீகண்டன் என்னை அழைத்தார்.

"முதல் மேட்சுக்கு ஸ்கோர் இல்லன்னு ரெண்டாவது வந்த காலேஜ் புகார் குடுத்திருக்காங்க. ஸ்கோர் இல்லன்னா கோப்பை செல்லாது. பசங்க பாவம். மலர் நாளைக்கி பிரிண்டிங் போகுது. கோமளத்துக்கிட்ட கேட்டா உங்ககிட்ட கேக்கச் சொல்றா. உங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

கொஞ்சம் சம்பந்தம் இருக்கிறது என்றேன்.

கோமளத்தை அழைத்தேன். எடுத்ததும் அவர் எதையும் கேட்கவில்லை. "நிறுத்தாம விட்டா என்ன ஆகும்னு கேட்டேள். பாத்தாச்சு," என்றார். கோபம் இல்லாத குரல், அதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் ஒரு தடவ முடிச்சு வெச்சேன், தப்பாச்சு. ஒரு தடவ முடிக்காம விட்டேன். அதுவும் சரியான்னு தெரியல. மூணாவது தடவ என்னால ஆகாது. நீங்க எழுதறவர். எழுதிக்கோங்கோ." பிறகு, வைப்பதற்கு முன்: "மங்களம் தினம் தண்ணிய மாத்தி வெக்கறாளாம். பேசினேன்."

கேள்வி கேட்டவன் நான். அதனால் பதிலையும் நானே எழுத வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் ஏழு மணியிலிருந்து இந்த வரிசையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வரவில்லை. நீங்கள் இவ்வளவு தூரம் கூட வந்தவர். மங்களத்தையும் சுஹாஸையும் இப்போது என்னளவுக்கு உங்களுக்கும் தெரியும். பாலு ஓடுகிற ஓட்டத்தையும் நீங்கள் கேட்டீர்கள். மலரின் கடைசிப் பக்கம், கடைசி வரிசை இது. எண்களை நீங்கள் போடுங்கள். அல்லது போடாதீர்கள். இரண்டுக்கும் ஒரு வீட்டில் அர்த்தம் இருக்கிறது.

ஐம்பதாவது தண்டுக் கோப்பை. முதல் கால் இறுதி.
முதலிடத்து அணி: ……
பொன்னையா மாலைக் கல்லூரி: ……